உள்ளது உள்ளபடி



வீதியில் கிடந்த உப்பை இரண்டு மழை கழுவிவிட்டால் ஸ்காபரோவில் கராஜ் கதவுகள் திறக்கத் தொடங்கும். குளிர்காலம் முழுவதும் துணி போர்த்தி நின்ற கார்கள் வெளியே வரும். மார்க்கம் வீதியிலும் எல்ஸ்மியர் வீதியிலும் கூரையைத் திறந்துகொண்டு பறக்கிற பிள்ளைகளைப் பார்த்து அம்மாமார் பெருமூச்சு விடுவதும் இந்தக் காலத்தில்தான். அவற்றில் சில கார்கள் விற்பனைக்கு வருவதும் இதே காலத்தில்தான். கலியாணம் முற்றாகிவிட்டது, வீட்டுக்கு முற்பணம் சேர்க்கவேண்டும், முதல் பிள்ளை வரப்போகிறது. பின் சீற்றே இல்லாத காரில் குழந்தையின் இருக்கையை எங்கே பூட்டுவது?

ஆசையாக வைத்திருந்த வேகமான காரை விற்கும்போது என்னென்ன செய்யவேண்டும், என்னென்ன சொல்லவேண்டும் என்பதுதான் இம்முறை பேச்சு. பெற்றாரும் சேர்ந்து வாசியுங்கள். இன்று விற்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை, நாளை வாங்குவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

பேச்சு ஆகாயத்தில் நிற்காமல் இருக்க ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஹொண்டா எஸ்2000. எங்கள் வாலிபர் பலருக்கு அதன் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லத் தெரியும். ஹொண்டா நிறுவனம் தன் 50ஆவது ஆண்டை ஒட்டி 1999இல் அதை வெளியிட்டது. 2009இல் உற்பத்தியை நிறுத்தியது. இரண்டே இருக்கை, துணிக் கூரை, கையால் மாற்றும் ஆறு கியர், பின் சில்லுகள் தள்ளும் கார். தொடக்க ஆண்டுகளில் வந்த 2 லீற்றர் எஞ்சின் ரேர்போ இல்லாமலே 240 குதிரைவலு கொடுத்தது. நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை அது போகும். 2004 முதல் வட அமெரிக்காவுக்கு வந்தவற்றில் எஞ்சின் 2.2 லீற்றராகி, சிவப்புக் கோடு 8,000க்கு இறங்கியது. உற்பத்தி நின்று இத்தனை வருடமானதால் நல்லபடி வைத்திருந்த ஒன்றுக்கு வயதுக்கு மீறிய விலை கிடைக்கிறது. காசு பெரிதானால் சோதனையும் பெரிதாகும்.

விற்பவருக்கு மட்டும் தெரிந்தவை

சாதாரணக் கொறோலாவை விற்கும்போது வாங்குகிறவர் பார்த்து அறியக்கூடியது அதிகம். இப்படியான காரில் முக்கியமானவை வெளியே தெரியாது.

ஓட்டுகிறவர் மூன்றாம் கியரிலிருந்து நான்குக்குப் போக நினைத்து அவசரத்தில் இரண்டில் விழுத்திவிட்டார் என்று வையுங்கள். எஞ்சின் சிவப்புக் கோட்டையும் தாண்டிச் சுற்றும். சுற்றைக் கட்டுப்படுத்தும் கணினியால் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் எஞ்சினைச் சுற்ற வைப்பது சில்லுகள். உள்ளே வால்வைப் பிடிக்கும் சிறு பாகங்களில் வெடிப்பு விழலாம். அன்றைக்குக் கார் ஓடும், அடுத்த மாதமும் ஓடும். ஒருநாள் உடையும்.

போமன்வில்லுக்கு வடக்கே, பழைய ஆட்கள் மொஸ்போட் என்று சொல்லும் பந்தயத் தடம் இருக்கிறது. 1961இல் திறந்தது, இன்று கனேடியன் ரயர் மோட்டர்ஸ்போர்ட் பார்க் என்று பெயர். அங்கே சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓடுவது குற்றமில்லை. வீதியில் ஓடுவதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் அப்படி ஓடிய காரின் பிறேக்கும் கிளச்சும் ரயரும் வேறு கதை சொல்லும். கிலோமீற்றர் குறைவாகக் காட்டும், தேய்மானம் கூடவாக இருக்கும்.

கூரையையும் பாருங்கள். துணிக் கூரையின் மடிப்புகளில் தேய்ந்து துளை விழும். மழைநீர் வடியும் குழாய்களில் இலைகுழை அடைத்தால் தண்ணீர் கார்க் கம்பளத்துக்குக் கீழே தேங்கும். வெயில் நாளில் கூரையைத் திறந்துவைத்துக் காட்டினால் இது எதுவும் தெரியாது. 2000, 2001 மாடல்களில் பின் ஜன்னல் பிளாஸ்ரிக்; அது மங்கி வெடிக்கும். 2002 முதல் கண்ணாடி. அடிப்பக்கத்தில் உப்புத் துரு ஏறியிருக்கிறதா என்பது காரைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னுமொன்று, விபத்து. இன்சூரன்ஸுக்குச் சொன்ன விபத்து கார்ஃபாக்ஸ் அறிக்கையில் வரக்கூடும். தெரிந்த கராஜில் காசு கொடுத்து அடித்துப் பெயின்ற் பண்ணிய விபத்து பெரும்பாலும் எந்த அறிக்கையிலும் வராது. அது உங்கள் மனதில் மட்டும் பதிவாகியிருக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது

ஒன்ராறியோவில் கார் வியாபாரிகளைக் கண்காணிப்பது ஒம்விக் என்ற அமைப்பு. பதிவுபெற்ற வியாபாரி பாவித்த காரை விற்கும்போது இன்னின்னதை எழுத்தில் சொல்லவேண்டும் என்று நீண்ட பட்டியலே இருக்கிறது. 3,000 டொலருக்கு மேல் சேதமான விபத்து, வெள்ளத்தில் அல்லது தீயில் பட்ட சேதம், சட்டகத்தில் அடி, காற்றுப்பை வேலை செய்யாமை, எஞ்சினிலோ கியர்ப் பெட்டியிலோ திருத்தவேண்டிய பழுது, பக்கம் பக்கமாக இரண்டு தகடுகள் மாற்றியது, களவுபோய் மீண்டது, வாடகைக் காராக ஓடியது எல்லாம் அதில் அடக்கம். இவற்றில் சிலவற்றைச் சொல்லாமல் விட்டால் வாங்கியவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம்.

இந்தப் பட்டியல் வீட்டு வாசலில் நின்று காரை விற்கிற உங்களைக் கட்டாது. தனியாருக்குத் தனியார் விற்கும்போது வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்கவேண்டும் என்பது சட்டத்தின் பொது நிலை. வியாபாரிகளிடம் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இருக்கும் இழப்பீட்டு நிதியும் இவருக்கு இல்லை. நீங்கள் வேண்டுமென்று பொய் சொன்னதை நிரூபித்தால் சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம். ஆனால் நீங்கள் பேசாமல் இருந்ததை எப்படி நிரூபிப்பது?

இதனால்தான் பலர் ‘ஆஸ் இஸ்’, அதாவது உள்ளது உள்ளபடி, என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படி விற்பதில் தவறில்லை. பழைய காருக்கு உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் காரை உள்ளபடி கொடுப்பவர் அதன் கதையையும் உள்ளபடி சொல்லவேண்டும். அந்த இரண்டு சொல் குறைகளைச் சொல்வதற்கு இடம் தருகிறது. அதை நாங்கள் மறைப்பதற்குத் திரையாக்கக் கூடாது.

‘சேஃப்டி எடுத்துத்தான் கொடுக்கிறேன், பிறகென்ன?’ என்று கேட்பீர்கள். பாதுகாப்புத் தரச் சான்றிதழ் 36 நாட்களுக்குச் செல்லும். அந்த மெக்கானிக் பார்த்த அன்று பிறேக், ஸ்ரியரிங், விளக்கு, ரயர் முதலியவை ஆகக் குறைந்த தரத்தில் இருந்தன என்று மட்டுமே அது சொல்கிறது. எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது, கிளச் எத்தனை மாதம் தாங்கும் என்பது அதன் வேலையில்லை.

ஆகவே ஒரு வழி சொல்கிறேன். வியாபாரி கட்டாயத்தால் சொல்வதை நீங்கள் விருப்பத்தோடு சொல்லுங்கள். மேலே சொன்ன பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதுங்கள்: எப்போது வாங்கினேன், எங்கே அடிபட்டது, என்ன மாற்றினேன், எத்தனை முறை தடத்தில் ஓடினேன், இப்போது என்ன சத்தம் கேட்கிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து இருவரும் ஒப்பமிடுங்கள். அது வாங்குகிறவருக்கு நன்மை. ‘நீ சொல்லவில்லை’ என்று பிறகு யாரும் வந்து நிற்க முடியாதபடியால் உங்களுக்கும் நன்மை.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத் தடையின்போது ஒஸ்ரின் கார்களைப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வயதில் மூத்தவர்களைக் கேளுங்கள், அந்தப் புகையின் மணத்தையே சொல்வார்கள். அப்படி ஓடிய எஞ்சினை வெளியே நின்று பார்த்து மதிப்பிட முடியாது. தெரிந்த மெக்கானிக் இல்லாமல் கார் வாங்கப் போனால் ஏமாந்து வரவேண்டியதுதான். வாங்க வருகிறவர் ‘என் மெக்கானிக்கிடம் ஒருக்கால் காட்டலாமா?’ என்று கேட்டால் கோபிக்காதீர்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

விலை பேசுகிற நேரம்

நீதிமொழிகள் 20ஆம் அதிகாரத்தில் 14ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். வாங்குகிறவன் பொருளைக் குறை சொல்லிச் சொல்லி விலையைக் குறைக்கிறான், பிறகு வெளியே போய் மெச்சிக்கொள்கிறான். மூவாயிரம் வருடத்துக்கு முந்திய சந்தையும் இன்றைய ஸ்காபரோ டிரைவ்வேயும் ஒன்றுதான். எனவே வருகிறவர் முகத்தைச் சுளித்தால் மனம் நோகவேண்டாம். அதற்குப் பதிலாக நீங்களும் பொய்யை ஏற்றவேண்டாம். ‘வேறு மூன்று பேர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்’ என்ற பொய்யும் பொய்தான்.

உண்மையைச் சொன்னால் விலை விழுமா? சில வேளை விழும். 30,000 டொலர் கேட்கிறீர்கள், கிளச் மாற்ற 2,000 டொலர் போகும் என்று வையுங்கள். சொன்னால் 28,000க்கு விற்பீர்கள். சொல்லாவிட்டால் அந்த 2,000 டொலரை வேறொருவரின் சட்டைப் பையிலிருந்து எடுக்கிறீர்கள். கணக்கு அவ்வளவுதான். திருத்திய ரசீதுகளையும் ஒயில் மாற்றிய பதிவுகளையும் ஒழுங்காக வைத்திருந்தால் கூடுதல் விலையை நேர்மையாகவே கேட்கலாம். இப்படியான காரில் அந்தக் கட்டுக் கடதாசிக்கும் பெறுமதி இருக்கிறது.

பேரம் முடிந்த பிறகுதான் பெரிய சோதனை வரும். ‘அண்ணா, ரசீதில் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ.’ இதைக் கேட்காமல் கார் விற்றவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்?

ஒன்ராறியோவில் தனியாரிடம் கார் வாங்குகிறவர் பெயர் மாற்றும்போது 13 சதவீத வரி கட்டவேண்டும். 30,000 டொலருக்கு 3,900. ரசீதில் 20,000 என்று எழுதினால் 2,600. மிச்சம் 1,300. அதைத் தடுக்கத்தான் பொதுவாகக் கனேடியன் ரெட் புக் என்ற விலைப் பட்டியலின் மொத்த விலையையும் எழுதிய விலையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்கு வரி எடுக்கிறார்கள். ஆனால் எஸ்2000 போல விருப்பத்தால் விலை ஏறிய கார்களில் உண்மை விலை அந்தப் பட்டியலைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். அங்கேதான் உங்கள் பேனாவுக்குச் சோதனை. இலாபம் அவருக்கு, பொய்க் கையெழுத்து உங்களுக்கு. அவருக்கும் உண்மையில் இலாபமில்லை. நாளைக்குக் கார் அடிபட்டு இன்சூரன்ஸோடு பெறுமதி பேசும்போது அவர் கையில் இருப்பது 20,000 என்ற ரசீது.

எரேமியா 32ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறார். விற்பவர் சொந்தக்காரர். ஊரை எதிரி முற்றுகை போட்டிருக்கிறான், வாங்குகிறவர் காவலில் இருக்கிறார். அப்படியிருந்தும் 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுக்கப்படுகிறது, பத்திரம் எழுதப்படுகிறது, சாட்சிகள் ஒப்பமிடுகிறார்கள், பத்திரம் மண்பாண்டத்தில் பத்திரமாக வைக்கப்படுகிறது. ‘நாங்கள் ஒரே குடும்பம், கடதாசி எதற்கு?’ என்று யாரும் சொல்லவில்லை. காணி உறுதியை நொத்தாரிசு முன் எழுதுகிற சனம் நாங்கள். காருக்கு மட்டும் ஏன் வாய்ப்பேச்சு?

கடதாசி வேலை

தனியார் விற்பனையில் விற்பவர் பாவித்த வாகனத் தகவல் பொதியை எடுத்துக் கொடுப்பது சட்டம். சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலர். காரின் ஒன்ராறியோப் பதிவு வரலாறு, அதன் மேல் கடன் பொறுப்பு இருக்கிறதா என்பது, மதிப்பிட்ட விலை, விற்பனை ரசீதுப் படிவம் எல்லாம் அதில் இருக்கும். கார்க் கடன் இன்னும் முடியவில்லை என்றால் அதை முதலில் தீருங்கள், அல்லது வங்கியில் வைத்தே கொடுக்கல் வாங்கலை முடியுங்கள். கடன் காரோடு போகும். தீராத கடனுக்காக வாங்கியவரிடமிருந்து காரைப் பறிக்க முடியும்.

காசோலை, டிராஃப்ற் எதுவானாலும் வாங்குகிறவரோடு அவருடைய வங்கிக்குப் போய், கவுன்ரரில் எழுதும்போதே பெற்றுக்கொள்ளுங்கள். கள்ள டிராஃப்ற் பார்வைக்கு நல்லதைப் போலவே இருக்கும்.

நம்பர் பிளேட் உங்களுடையது, காருடையதல்ல. கழற்றி எடுங்கள். உரிமைப் பத்திரத்தில் வாகனப் பகுதியை ஒப்பமிட்டுக் கொடுத்து, பிளேட் பகுதியை நீங்கள் வைத்திருங்கள். ‘வீடு போய்ச் சேரும் மட்டும் பிளேட் இருக்கட்டும்’ என்ற இரக்கம் வேண்டாம். 407 கட்டணமும் சிவப்பு விளக்குக் கமராத் தண்டமும் பிளேட் யாருடையதோ அவர் வீட்டுக்குத்தான் வரும். வாங்கியவர் ஆறு நாட்களுக்குள் பெயர் மாற்றவேண்டும். இருவரும் ஒன்றாகச் சேர்விஸ் ஒன்ராறியோவுக்குப் போய் அன்றைக்கே முடிப்பது எல்லாவற்றிலும் நல்லது. அதன் பிறகுதான் இன்சூரன்ஸை நிறுத்துங்கள்.

ஓட்டிப் பார்க்க வருகிறவர்

2013 மே மாதம், ஹாமில்டனுக்கு அருகே அன்காஸ்ரரில், விளம்பரம் பார்த்து இரவில் வந்த இருவரோடு தன் பிக்கப் வாகனத்தை ஓட்டிக்காட்டப் போன இளந்தகப்பன் ஒருவர் வீடு திரும்பவில்லை. 2016இல் அந்த இருவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. பயமுறுத்த இதை எழுதவில்லை. ஒரு பழக்கத்துக்காக எழுதுகிறேன்: பகலில் சந்தியுங்கள், சனம் நடமாடும் இடத்தில் சந்தியுங்கள், பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது. தனியே போகாதீர்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். நேர்மையான ஆள் இதற்குக் கோபிக்கமாட்டார். இரண்டு இருக்கைக் காரில் மூன்றாம் ஆள் ஏற முடியாது. கூட வந்தவர் கையில் வாங்குகிறவரின் கார்ச் சாவி இருக்கட்டும்.

வருகிறவர் நல்லவராகவே இருந்தாலும் அவருடைய வலது கால் எப்படியோ தெரியாது. வேக எல்லை 80க்குக் குறைந்த வீதியில் எல்லையைவிட 40 கூட ஓடினாலே ஒன்ராறியோவில் அது சாகச ஓட்டம். சாரதியின் அனுமதிப்பத்திரம் அந்த இடத்திலேயே 30 நாட்களுக்குப் போகும். வாகனம் 14 நாட்களுக்குப் போகும், அது யாருடையது என்று பார்க்கமாட்டார்கள். 60 வீதியில் ஒருவர் 100ஐத் தொட்டுப் பார்த்தால் உங்கள் கார் கயிற்றில் போய்விடும். அவர் யாரையாவது இடித்தால், ஓடக் கொடுத்த சொந்தக்காரர் என்ற முறையில் பொறுப்பு உங்களையும் தொடும். முதலில் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள். பிறகு அவர் ஓடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

இந்தக் காரைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். எஸ்2000இல் 2006க்கு முந்திய மாடல்களுக்கு வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு கிடையாது. வளைவில் பயந்து அக்செலரேற்றரை விட்டால் பின்பக்கம் சுழன்று வரும். கோடைகால ரயர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடி குறையும். ஏப்ரல் காலையில் 401க்கு ஏறும் வளைவு அதற்குப் போதும். முன் சில்லு இழுக்கும் சிவிக் ஓடிப் பழகிய கைக்கு இது புதிது.

வாங்க வருகிறவருக்குப் பத்தொன்பது வயது, கண்ணெல்லாம் காரில் என்றால் என்ன செய்வது? நீங்கள் அவருக்குத் தகப்பனில்லை, விற்கக் கூடாது என்று சட்டமுமில்லை. ஆனால் இரண்டு கேள்வி கேட்கலாம். ‘தம்பி, இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று கேட்டுப் பார்த்தீரா?’ ‘இப்படிப் பின்னால் தள்ளுகிற கார் முன்பு ஓடியிருக்கிறீரா?’ அந்தக் கேள்விகளால் ஒரு விற்பனை கைவிட்டுப் போகலாம். போனால் போகட்டும். எங்கள் ஊர் பெரிது, ஆனால் எங்கள் சனம் சிறிது. நீங்கள் விற்ற கார் யாருடைய வீட்டு வாசலில் நிற்கிறது என்பது ஒரு மாதத்துக்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தத் தாய் உங்களை ஆராதனை முடிந்து வாசலில் காணும்போது என்ன முகத்தோடு பார்ப்பார் என்பதை இப்போதே யோசித்தால் போதும்.

வாலிபர் கூட்டத்தில் பேச

1. வியாபாரி சொல்லவேண்டும், தனியார் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் இருப்பது நியாயமா? ஏன்?

2. நண்பர் ஒருவர் ரசீதில் விலையைக் குறைத்து எழுதச் சொன்னால், நட்பு முறியாமல் எப்படி மறுப்பீர்கள்? இருவர் நின்று நடித்துப் பாருங்கள்.

3. நீங்கள் இப்போது ஓடும் காரை நாளை விற்பதாக வைத்து, வாங்குகிறவருக்கு எழுதும் தாளில் முதல் மூன்று வரி என்னவாக இருக்கும்?

அடுத்த இதழில்: முதல் வேலைக்கு ஒப்பமிடும் முன் ஒப்பந்தத்தை எப்படி வாசிப்பது.